டிராக்கரை என்ன செய்வது? கில், ரீநைஸ், மாஸ்க், இக்னோர்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அட்மிஷன் நேரத்தில் கூட்டம் நிற்கும்போது, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிறகு மெஷின் அப்படியே நின்றுவிடும். "மாப்ள, இத மாத்திடலாமா?" என்றார். மாற்ற வேண்டிய வயசுதான். ஆனால் காரணம் தெரியாமல் காசு போட எனக்கு மனசு வரவில்லை.

கட்டளை அடிக்கும் டெர்மினலில் டாப் போட்டேன். எந்த புரோகிராம் மெஷினை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் கட்டளை அது. டபிள்யூ ஏ என்ற இடத்தில் எண் 60ஐத் தாண்டி நின்றது. டிஸ்க் வேலையை முடிக்கட்டும் என்று ப்ராசஸர் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கீழே டிராக்கர் மைனர், டிராக்கர் எக்ஸ்ட்ராக்ட் என்று இரண்டு பெயர்கள். உபுண்டுவின் திரையான க்னோமின் தேடல் வசதிக்காக பைல்களைத் திறந்து குறிப்பெடுப்பவை இவைதான்.

முதலில் எல்லோரும் செய்வது கில், அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்தும் கட்டளை. உடனே மெஷின் மூச்சு விடும். ஆனால் அடுத்த லாகினில் டிராக்கர் திரும்ப வரும். கில் மைனஸ் 9 என்று வலுக்கட்டாயமாக நிறுத்தினால், பழுதாகி விழுந்துவிட்டது என்று எண்ணி, பின்னணி சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியே அதை எழுப்பிவிடும்.

புரோகிராமின் முன்னுரிமையை மாற்றும் ரீநைஸ் போடச் சொல்பவர்களும் உண்டு. டாப்பில் என்ஐ பத்தியைப் பாருங்கள்: டிராக்கர் ஏற்கெனவே 19இல், அதாவது முன்னுரிமையின் கடைசிப் படியில் நிற்கிறது. அதற்குக் கீழே இறக்க இடமே இல்லை. அப்புறம், நைஸ் என்பது ப்ராசஸர் முறைக்கு. இங்கே நெரிசல் டிஸ்க்கில்.

சிஸ்டம்டிக்கு உத்தரவிடும் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் உறுதியான பூட்டு. யூசர் சர்வீஸாக இரண்டையும் மாஸ்க் செய்துவிட்டால் தலைதூக்காது. தேடலே வேண்டாம் என்ற வீட்டு மெஷினுக்கு இதையே சொல்வேன். மாமாவுக்கு ஒத்துவரவில்லை. டைப் செய்து கொடுத்த மனுக்களை உள்ளே இருக்கும் பெயரை வைத்துத்தான் அவர் தேடி எடுப்பார்.

அதனால் நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழியான இக்னோர்: ஒரு போல்டரை மட்டும் விட்டுவிடச் சொல்வது. பாரம் முழுக்க ஸ்கேன் போல்டரில்தான். பட்டா, சாதிச் சான்றிதழ், மார்க்‌ஷீட் எல்லாம் படமாக உள்ள பிடிஎஃப்கள். உள்ளே எடுக்க எழுத்தே கிடையாது. ஆனாலும் டிராக்கர் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறது. அந்த போல்டருக்குள் 'டிராக்கர்இக்னோர்' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, காலி பைல் ஒன்றைப் போட்டால் போதும். டிராக்கர் அந்தப் பக்கமே போகாது. பிறகு பழைய குறிப்புகளை அழிக்க டிராக்கர்3 ரீசெட் மைனஸ் எஸ் கொடுத்தேன். மிச்ச போல்டர்களைப் புதிதாகக் குறிப்பெடுக்கும்வரை மெஷின் கொஞ்சம் திணறும். கடை மூடும் நேரத்தில் செய்வது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் வேகம் இன்னும் கூடும், அது உண்மை. ஆனால் இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஸ்கேன் பைலுக்கு இப்போது மாமா பெயர் வைக்கும்போதே 'பர்கூர் பட்டா' என்று ஊரையும் சேர்த்து வைக்கிறார். பைல் பெயரில் தேடினால் டிராக்கர் இல்லாமலே கிடைக்கிறது.