பட்டப்பகலில் எரியும் ஹெட்லைட்: துடைப்பதா, செட்டிங்கை மாற்றுவதா, ஆட்டோ மோடையே அணைப்பதா?

காலை ஏழரை மணிக்குப் பாம்பன் பாலத்தில் ஏறினால், எதிரே வருகிறவர்களில் நாலைந்து பேராவது கையை நீட்டி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுகிறார்கள். 'லைட் எரியுது' என்று அர்த்தம். 2017 ஏப்ரல் முதல் வந்த டூவீலர் எல்லாம் எந்நேரமும் லைட் எரிந்தபடிதான் ஓடுகிறது. அதைக் கண்டுகொள்ளாதவர்களுக்கும் என் பிக்கப்பில் பகலில் லைட் எரிந்தால் பொறுக்காது.

கை காட்டுவது கூடப் பரவாயில்லை. லைட் எரிந்த உடனே மீட்டரும் திரையும் இரவு நேரம் என்று நினைத்து மங்கிவிடுகின்றன. தங்கச்சிமடத்துச் சந்தில் நண்டுப் பெட்டி ஏற்ற ரிவர்ஸ் எடுக்கும்போது, வெயிலில் கேமரா படம் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் குறைந்தால் சென்சார் பார்த்துத் தானாகவே எரியும் ஆட்டோ ஹெட்லைட்டின் இந்த அதீத சுறுசுறுப்பை அடக்க ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டேஷ்போர்டின் மேல், கண்ணாடி ஓரமாக ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருக்கும். சில வண்டிகளில் உள்கண்ணாடிக்குப் பின்னால், மழை சென்சாரோடு சேர்ந்து இருக்கும். ஐ.நா.வின் 48ஆம் வாகன விதி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெளி வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) கீழே இறங்கினால் 2 வினாடிக்குள் லைட் எரிய வேண்டும். 7,000 லக்ஸைத் தாண்டினால் அணைய வேண்டும், அதுவும் 5 வினாடிக்குப் பிறகு, 300 வினாடிக்குள். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். ஆக, எரிவதற்கு அவசரம், அணைவதற்குச் சோம்பல். உச்சிப்புளிப் பக்கம் ஒரு மர நிழலில் எரிந்த லைட் அணைய யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நிழல் வந்துவிடும்.

ஆனால் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நிழலே இல்லாத பாம்பன் பாலத்தில் ஏன் எரிய வேண்டும்? எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. காலையில் லோடு ஏற்றி ராமநாதபுரத்துக்கு மேற்கே போகிறேன், சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே திரும்புகிறேன், அப்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னால். இரண்டு நேரமும் கேபின் கூரையின் நிழல் சென்சார் மேல் விழுகிறது. போதாததற்குக் கூரையில் சுருட்டி வைத்த தார்ப்பாய் முன்பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் தள்ளிக் கட்டியதிலேயே கொஞ்சம் குறைந்தது.

துடைப்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது, எல்லோரும் அரைகுறையாகச் செய்வதும் அதுதான். நானும் அப்படித்தான். தினமும் போர்த் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். நம் ஊர் போர்த் தண்ணீர் காய்ந்தால் அதுவே ஒரு வெள்ளைப் படலம். உப்புக் காற்று பூசியதை உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல தண்ணீரைக் குடம் விலைக்கு வாங்குகிற ஊரில் அதை வண்டிக்கு ஊற்ற மனசு வருமா? குடம் வேண்டாம், அரை லிட்டர் பாட்டில் போதும். சென்சாருக்கு நேராக உள்ள இடத்தில் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த நியூஸ்பேப்பரால் ஒரு தேய். உட்பக்கத்தையும் விடக் கூடாது. வெயிலில் காயும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, கண்ணாடியின் உள்ளே எண்ணெய் மாதிரி படிந்திருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு தடிமன். அப்புறம் அந்தக் கறுப்புக் குமிழின் மேல் எதுவும் இருக்கக் கூடாது. என் வண்டியில் அங்கே டோல் ரசீது, மீன் எடைச் சீட்டு, துண்டு, எல்லாம் இருந்தது. அம்மா வைத்த மாதா சிலையின் நிழலும் சரியாக அதன் மேல்தான் விழுந்தது. சிலையை இடப்பக்கம் நகர்த்த அம்மாவிடம் அனுமதி வாங்கத்தான் இரண்டு நாள் ஆனது. செலவில்லாத இந்த வழியில் பாதிப் பிரச்சினை போயிற்று. மற்ற எந்த வழிக்கும் இந்த மதிப்பெண் கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான யோசனை, சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. 'சென்ஸ் குறையும்ணே' என்று பட்டறைப் பையன் ஒட்டிக்கொடுத்தான். கண்ணை மூடினால் அதற்கு ராத்திரி. அன்று முழுக்க லைட் அணையவே இல்லை. முன்கண்ணாடியில் கூலிங் பேப்பர் ஒட்டினாலும் இதே கதைதான். விதிப்படி முன்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும்.

எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் வழி வயரில் கை வைப்பது. சென்சார் லைனில் ஒரு ரெசிஸ்டர் போட்டு, எப்போதும் பகல் என்று வண்டியை நம்பவைப்பது. அல்லது வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளரையே கழற்றிவிடுவது. கழற்றினால் அணையும் என்று நினைப்பார்கள். பல வண்டிகளில் சிக்னல் வராவிட்டால் பாதுகாப்புக்காக லைட்டை எரியவிடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் போட்டால் பகலில் அணையும், சரி. அந்தி நேரத்திலும் எரியாதே? வாரண்டியும் போகும். இதை நான் தொடவில்லை, தொடச் சொல்லவும் மாட்டேன். கப்ளரைப் பார்ப்பதென்றால், பின்னில் உப்பேறிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து கான்டாக்ட் கிளீனர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சென்சாரையே மாற்றலாமா? சர்வீஸ் சென்டரில் எடுத்த எடுப்பில் அதைத்தான் சொன்னார்கள். பில் போடுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்துகொள்ளலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, லைட் ஆட்டோவில் எரியும்போது செல்போன் டார்ச்சைக் குமிழின் மேல் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். உடனே அணையாது, பொறுமை வேண்டும், சில நிமிடம் கூட ஆகலாம். அணைந்தால், டார்ச்சை எடுத்துவிட்டுக் கையால் மூட, உடனே எரிய வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. டார்ச்சுக்கும் அணையாவிட்டால்தான் சென்சாரையோ வயரையோ சந்தேகப்பட வேண்டும். என்னுடையது தேறிவிட்டது, பணம் மிச்சம். கல் பட்டுக் கண்ணாடி மாற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. புதுக் கண்ணாடியின் மேல்பட்டை நிறம் சென்சாரை மறைக்கிறதா, சென்சாரைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் ஜெல் பேடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மாற்றியவரிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்று, வைப்பர் போட்டால் லைட் எரிவது பல மாடல்களில் வேண்டுமென்றே வைத்தது. உப்புப் போக அடிக்கடி வைப்பர் போடுகிற நமக்கு அது கோளாறு மாதிரித் தெரியும்.

லைட் சுவிட்சை ஆட்டோவிலிருந்து திருப்பி, பழையபடி கையால் போடுவது எளிது. ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அரிச்சல்முனை போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினேன். மீட்டர் எந்நேரமும் ஒளிர்கிற வண்டி, லைட் போடவில்லை என்பதே தெரியவில்லை. எதிரே வந்த வேன்காரர் அதே விரல் சாடைதான் காட்டினார். நான் வழக்கம்போல 'எரிஞ்சா எரியட்டும்' என்று தலையாட்டிவிட்டுப் போனேன். பின் சீட்டிலிருந்து மகள்தான், 'அப்பா, ரோடே தெரியல' என்றாள். பழைய லாரி ஓட்டிப் பழகிய கைக்கு இது சரிவரும், எனக்கு வராது.

கடைசியில் துடைப்பதோடு சேர்த்து நான் எடுத்தது செட்டிங் வழி. சில வண்டிகளில் மெனுவிலேயே சென்சிட்டிவிட்டி இருக்கும், மற்றவற்றில் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் வழியாகத்தான் மாற்ற முடியும். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை என்பதால் போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. என் வண்டியில் நாலு படி இருந்தது. டெக்னீஷியன் கடைசிப் படிக்கு இறக்கப் போனார், ஒரு படி போதும் என்றேன். வடகிழக்குப் பருவமழையில் மதியம் மூன்று மணிக்கே மண்டபம் பக்கம் கருத்துக்கொண்டு வரும், அப்போது அது தானாக எரிந்தாக வேண்டும். இப்போது காலையில் பாலத்தில் எரிவதில்லை, உச்சிப்புளி நிழலில் மட்டும் எப்போதாவது கண்ணைத் திறக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தாமதமாக எரிகிறது என்று தோன்றினால் பழைய படிக்கே ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.