மாடல் கட்ட ஒரு தனி அறை: சில வருடங்கள் புழங்கிய பிறகு

ஸ்கேல் மாடல் (விமானம், கப்பல் போன்றவற்றின் சிறிய அளவு மாதிரி) கட்டுவதற்கென்று ஓர் அறையை ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மேசையைப் பற்றியும் அலமாரியைப் பற்றியும்தான் முதலில் யோசிக்கிறார்கள். அப்படியொரு அறையில் சில வருடங்களாகப் புழங்குகிறவன் என்ற முறையில் நான் முதலில் பேச விரும்புவது காற்றைப் பற்றி. ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட் அடிக்கும் மூலை அங்கேதான் அமைய வேண்டும். மற்றதெல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில் தானாக அமைந்துவிடும்.

மேசையை நகர்த்தலாம், விளக்கை மாற்றலாம். ஸ்ப்ரே பூத்தின் (தெளிக்கும் பெயின்டையும் ஆவியையும் ஃபேனால் வெளியே இழுக்கும் பெட்டி) குழாய் வெளியே போகும் வழியை நினைத்தபடி மாற்ற முடியாது. என் பூத் ஜன்னலை ஒட்டியே நிற்கிறது. குழாய் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஒரே ஒரு வளைவு. மடிப்பு மடிப்பாக இருக்கும் குழாயைத் தொய்வாக விட்டால் அந்த மடிப்புகளே காற்றைத் தடுக்கும். அதை நன்றாக இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுப் பொருத்துவது நல்லது. நீளமும் வளைவும் கூடக் கூட ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் இழுவை குறைந்துகொண்டே போகும்.

ஃபேன் தேர்வுக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். பூத்தின் வாய் 45 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாய் வழியாகக் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போனால், தெளித்த பெயின்ட் முகத்துக்குத் திரும்பி வராது. அதற்கு மணிக்குச் சுமார் 280 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் குழாயும் ஃபில்டரும் இல்லாமல் அளந்தது. அதனால் கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு இழுக்கும் ஃபேனாகப் பார்த்து வாங்கலாம். மோட்டார் விஷயத்தில் சமரசமே கூடாது. லாக்கர் வகைப் பெயின்டைக் கரைக்கும் தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது, கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில் பொறி பறக்கும். பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டார், அல்லது காற்று போகும் பாதைக்கு வெளியே மோட்டார் உட்கார்ந்திருக்கும் ஃபேன், இந்த இரண்டில் ஒன்றுதான் சரி.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கதவை இறுகச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது திணறும். பூத்துக்கு எதிர்ப்பக்கம் கதவை ஒரு கையளவு திறந்து வைத்தால் போதும், காற்று அறையைக் கடந்து என் முதுகுப் பக்கமிருந்து பூத்துக்குள் போய்விடுகிறது. ஏசி அறையாக இருந்தால் குளிர்ந்த காற்று முழுக்க வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர், பெயின்ட், வார்னிஷ் மூன்றையும் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து அடித்துப் பழகிவிட்டேன்.

பூத் இருந்தாலும் முகமூடி வேண்டும். தூசிக்கான முகமூடி பெயின்ட் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிக்கும்போது கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்தியது தேவை. உபயோகித்த பின் அதைக் காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால்தான் கார்ட்ரிட்ஜ் நீடிக்கும். வெளியே கிடந்தால் சும்மா இருக்கும்போதே அறையின் ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ரெசின் (வார்த்து எடுக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக்) பாகங்களைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்ப்பேன். அந்தத் தூள் காற்றில் ஏறவே கூடாது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். கூரையில் இருக்கும் ஒற்றை விளக்கு தலையின் நிழலைச் சரியாக வேலை மேல் போடும். இடமும் வலமும் இரண்டு மேசை விளக்குகள் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. 5000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல் உள்ள எல்இடி விளக்குகள் எனக்கு நன்றாக ஒத்துவருகின்றன. ஆலிவ் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும் ராணுவ நிறங்கள் மட்டமான விளக்கில் ஒன்றுபோலவே தெரியும். வேலை மேசையிலும் பூத்துக்குள்ளும் ஒரே வகை விளக்கு இருக்கட்டும். அங்கே கலந்த நிறம் இங்கே வேறாகத் தெரிந்தால் வெறுத்துவிடும்.

மேசையைவிட நாற்காலி முக்கியம் என்பது என் கருத்து. சாதாரண மேசை உயரம் எழுதுவதற்கு ஏற்றது. 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) விமானத்தின் விமானி அறையில் சீட் பெல்ட் ஒட்டுவதற்கு அது தாழ்வு, கழுத்து வளைந்துவிடும். மேசை மேல் ஒரு சின்ன வேலைப் பலகையை உயர்த்தி வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, வேலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். தலையில் மாட்டும் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 4 டயாப்டர் லென்ஸில் 25 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். சக்தி கூடினால் தூரம் இன்னும் குறையும்.

தரை வெளிர் நிறத்தில், வழவழப்பாக, விரிப்பு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். சாமணத்திலிருந்து தெறித்துப் போகும் பாகம் என்றைக்கும் அறையின் மறு கோடியில்தான் விழும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் எவ்வளவு சின்னப் பாகத்துக்கும் நீள நிழல் விழும், உடனே கண்ணில் படும்.

ஏர்பிரஷுக்கு (பெயின்டைக் காற்றால் தெளிக்கும் பேனா போன்ற கருவி) காற்று தரும் கம்ப்ரசரில் 3 லிட்டர் டேங்க் இருக்கிறது. 0.3 மில்லிமீட்டர் துளை உள்ள ஏர்பிரஷுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது தாராளம். மோட்டார் விட்டு விட்டு ஓடுவதால் சத்தமும் குறைவு, காற்றும் துடிக்காமல் வருகிறது. டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க மறக்காதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும். ஈரம் அதிகமான நாளில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அறையில் ஓர் ஈரப்பத மீட்டர் மாட்டியது எனக்குப் பெரிய உதவி. முள் ஏறி நின்றால் அன்றைக்கு ஒட்டும் வேலை, தேய்க்கும் வேலை மட்டும்தான்.

டீகால்களுக்கு (மாடல் மேல் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) ஈரமும் ஆகாது, வெயிலும் ஆகாது. ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, இருட்டான டிராயரில் வைக்கிறேன். முடித்த மாடல்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவரில். திறந்த தட்டில் வைத்தால் தூசி தட்டும்போதே ஏதாவது ஓர் ஆன்டெனா உடையும். 1/700 கப்பல் கட்டுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டாத கிட்களைப் பற்றிச் சுருக்கமாக: பெட்டிகளை உயரமாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். நான்கைந்துக்கு ஒரு தட்டு வையுங்கள்.

பெயின்ட் பாட்டில்களைக் கம்பெனி வாரியாக அடுக்குவதைவிட நிறம் வாரியாக அடுக்குவது கைக்குச் சுலபம். டமியா கம்பெனியின் 10 மில்லி ஜாடியும் துளித்துளியாக விழும் குப்பிகளும் ஒரே தட்டில் கலந்து நிற்பது பார்வைக்கு ஒழுங்கில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சாம்பல் நிறம் வேண்டுமென்றால் என்னிடம் உள்ள எல்லாச் சாம்பலும் ஒரே இடத்தில் கிடைக்கும். தின்னர் மட்டும் இவற்றோடு சேராமல் கீழே தனி இரும்புப் பெட்டியில். தின்னர் தொட்ட டிஷ்யூக்கு மூடி போட்ட தகரத் தொட்டி.

இத்தனை ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒட்டிய இறக்கையை க்ளாம்ப் போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். புட்டி இறுகும் வரை யாரும் தொட மாட்டார்கள், எதையும் எடுத்து மூடி வைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் கிடைத்தால் அந்த அரை மணியும் வேலைக்கே போகிறது. எடுத்து வைப்பதற்கு அஞ்சியே வேலையைத் தள்ளிப்போடுவது அறை வந்த பிறகு நின்றுவிட்டது. கட்டும் மாடல்களின் தரம் உயர்ந்ததற்கும் பெரிய காரணம் இதுதான். ஒவ்வொரு பெயின்ட் பூச்சும் முழுதாகக் காயக் காத்திருக்க முடிகிறது.

முழு அறை கிடைக்காதவர்கள் ஜன்னலோரம் ஒரு மேசை, மடக்கி வைக்கும் பூத், அரைகுறை வேலையோடு அப்படியே தூக்கி அலமாரிக்குள் வைக்கக்கூடிய ஒரு தட்டு, இந்த மூன்றிலிருந்து தொடங்கலாம். தட்டின் விளிம்பு இரண்டு விரல் உயரம் இருக்கட்டும்.