பழைய டாடா 407 லாரிக்கு ஷாக் அப்சார்பர்: பழசா, புதுசா?

முன்பக்க ஷாக் (சக்கரத்தின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) ஒழுகுகிறது, இந்த மாதம் பணம் இல்லை. பழைய சாமான் கடையில் கிடைப்பதை மாட்டலாமா?

செலவு: பழசு மலிவு. ஷாக்கின் முனைகளில் வரும் ரப்பர் புஷ் மட்டும் புதிதாகப் போடுங்கள்.

உழைப்பு: புதுசுக்கு ஈடில்லை. பழசு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வாங்கும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி இழுங்கள். இழுக்கும்போது கனமாக, ஒரே சீராக வர வேண்டும். நடுவில் லொடக்கென்று விட்டால் வேண்டாம். ராடில் (உள்ளே போய் வரும் கம்பியில்) எண்ணெய்க் கசிவோ துருவோ இருந்தாலும் வேண்டாம்.

வேலை: இரண்டுக்கும் ஒன்றுதான். இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

உள்ளூரில் லேசான லோடுடன் சில வாரம் ஓட்ட பழசு சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு ஏற்றுபவர் புதுசே போடட்டும். ஷாக் செத்தால் சக்கரம் துள்ளும், பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும்.