டோக்கியோவில் துணி அறிந்தவர்களுக்கு ஒரு குளிர்கால வார இறுதி

குடியாத்தத்தில் தலைமுறைகளாகக் கைலி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், எந்த ஊருக்குச் சென்றாலும் என் கண் முதலில் ஜவுளிக் கடைகளைத்தான் தேடும். டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்காள் மகளைக் காண 2024 டிசம்பரில் சென்றிருந்தபோது, கின்சா, ஷிபுயா வணிக வளாகங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு சனிக்கிழமையை நிப்போரி துணித்தெருவுக்கும் மறுநாளைச் செதகாயாவில் கூடும் போரோ-இச்சி சந்தைக்கும் கொடுத்தேன். வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் செல்பவர்களுக்கு, அதிலும் நூலும் தறியும் அறிந்தவர்களுக்கு, இதைவிட நிறைவான வார இறுதி அந்த நகரத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நிப்போரி ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குத் துணி, லைனிங், பட்டன், ஜிப், நூல்கண்டு என்று தையலுக்கு வேண்டிய அனைத்தும் விற்கும் கடைகள் இருபுறமும் வரிசையாக உள்ளன. 1910களிலும் 20களிலும் அசாகுசா பகுதியிலிருந்து பழந்துணி, வெட்டுத்துணி வியாபாரிகள் கூட்டமாக இடம்பெயர்ந்து உருவாக்கிய தெரு இது. தெருவில் பேர்பெற்ற பெரிய கடையில் மீட்டர் 100 யென் முதல் துணி கிடைக்கிறது. விலையைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது, வாடிக்கையாளர் துணியைத் தொட்டுப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை என்பதுதான். கம்பளித் துணிகளை விரலுக்கிடையில் வைத்து எடை பார்த்து, கசக்கிவிட்டு மீளும் வேகத்தைப் பார்த்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நிலையத்தின் மறுபுறம் யனாகா கின்சா என்ற சிறிய பழைய கடைத்தெரு நடந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால் அதை நான்கு மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது.

போரோ-இச்சிதான் இந்தப் பயணத்தின் உயிர். ஓடாவாராவை ஆண்ட ஹோஜோ மரபினர் 1578ஆம் ஆண்டு தொடங்கிவைத்த சந்தை, இன்றும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 15, 16, ஜனவரி 15, 16 ஆகிய நான்கு நாள்கள் மட்டும் கூடுகிறது. ஏறக்குறைய 700 கடைகள் தெருவோரம் விரிக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் பழந்துணியே இங்கு முதன்மைச் சரக்கு; சுற்றுவட்டார விவசாயிகள் அதை வாங்கிச் சென்று உடுப்புக்கு ஒட்டுப் போட்டார்கள், வைக்கோல் செருப்பு பின்னும்போது நீண்ட நாள் உழைப்பதற்காக இடையிடையே சேர்த்துப் பின்னினார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பு, ஷூ தயாரிப்பில் இருப்பவர்கள் கேட்டால் மகிழக்கூடிய செய்தி இது. இப்போது பழைய பாத்திரம், பீங்கான், கைக்கருவிகள், செடிகள், புத்தாண்டுக்கான பூஜைப் பொருள்கள் என்று எல்லாமும் வந்துவிட்டாலும், பழைய கிமோனோ விற்பவர்கள் குறையவில்லை. பொய்கை மாட்டுச் சந்தையில் மாடு பிடிப்பதைப் போல, இங்கும் விடியலில் வருபவர்களுக்கே நல்ல சரக்கு அமைகிறது.

ஒரு கடையில் அவுரிச் சாயமிட்ட பழைய பருத்திக் கிமோனோ ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நூலை நெய்வதற்கு முன்பே ஆங்காங்கே கட்டிச் சாயத்தில் முக்கி, வெள்ளை விழுந்த இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி நெய்யும் கசுரி வகை. போச்சம்பள்ளிச் சேலையில் நாம் காணும் அதே முறைதான். உருவங்களின் ஓரம் இலேசாகக் கலங்கியிருப்பதை வைத்தே அது அச்சடித்த துணி அல்ல என்பது தெரிந்துவிடும். கழுத்துப் பகுதி வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருக்க, தையல் மடிப்பைச் சற்று விலக்கிப் பார்த்தபோது உள்ளே அவுரி புதிதாக முக்கியெடுத்ததுபோல் கருநீலமாக இருந்தது. உட்புறத்தில் வேறொரு துணியால், வெளியே தெரியாதபடி, மிகப் பொடியான தையலில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். கிமோனோத் துணி ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே சுருளாக நெய்யப்படுகிறது. அதை நேர்க்கோடுகளாக மட்டும் வெட்டித் தைப்பதால், துணி வீணாவதில்லை. தையலைப் பிரித்தால் மறுபடியும் நீளத் துணியாகவே கைக்கு வருகிறது. பிரித்து, துவைத்து, திரும்பத் தைத்து ஒரே உடையைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியவர்களின் கைவேலையைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்காகவே அங்கே செல்லலாம். 1,000 யென் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. பதினொரு மணிக்கு மேல் நகர முடியாத கூட்டம் சேர்கிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதானால் ஒன்பது மணிக்கு முன்பே சேர்ந்துவிட வேண்டும். தெருக்கடைகளில் பேரம் பேசும் வழக்கம் நம் ஊர் அளவுக்கு இல்லை, ரொக்கம் இல்லாமல் வாங்குவதும் கடினம். சைவ உணவு உண்பவர்கள் சூடான சூப் வகைகளைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் மீன் சேர்க்காத சாறு அரிது. அவர்களுக்கேற்ற பண்டம், இச்சந்தையில் மட்டுமே விற்கப்படும் தைகான் மோச்சி: அப்போதே ஆவியில் வேகவைத்து இடித்த அரிசி மாவை, வறுத்த சோயா மாவில் புரட்டியோ இனிப்புப் பயறு பூரணத்தோடோ தருகிறார்கள். வரிசை நீளமானது, காத்திருந்தது வீண் போகவில்லை.

டிசம்பர் டோக்கியோவில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆனால் காற்று வறண்டது. வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குப் பகல் பத்து டிகிரியே அதிகக் குளிர்தான். மருந்துக்கடைகளில் கிடைக்கும் கைரோ என்ற சிறு பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது போதுமானது. உள்ளிருக்கும் இரும்புத் தூள் காற்று பட்டதும் துருவேறத் தொடங்கி, அந்த வெப்பமே பல மணி நேரம் கையைச் சூடாக வைத்திருக்கும்.

செல்லும் வழி எளிது. ஷிபுயாவிலிருந்து இரண்டாவது நிலையமான சங்கென்ஜாயாவில் இறங்கி, இரண்டே பெட்டிகள் கொண்ட செதகாயா டிராமில் ஏறினால் செதகாயா, கமிமாச்சி இரண்டில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் சந்தைதான். 2027 ஜனவரியில் 16ஆம் தேதி சனிக்கிழமையில் வருகிறது. அப்போது செல்பவர்கள் நிப்போரியை அதற்கு முன்னுள்ள வேலைநாள் ஒன்றில் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையைப் போரோ-இச்சிக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.