ஆள் நின்றால் பேசும் பலகை: எந்த சென்சார் சரி?

பலகை முன் ஒருவர் வந்து நின்றால் விளக்கம் ஒலிக்க வேண்டும், நகர்ந்தால் நிற்க வேண்டும். சேலத்தில் வெள்ளிக் கொலுசு பற்றிய கண்காட்சிக் கூடமானாலும், ஏற்காட்டில் காப்பி பற்றிய கூடமானாலும் வேலை இதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே சென்சாரை வாங்கிவிடாதீர்கள்.

பலரும் முதலில் எடுப்பது பி.ஐ.ஆர்., அதாவது உடல் சூட்டை உணரும் சென்சார். மலிவு, ஏறக்குறைய 7 மீட்டர் எட்டும். உடல் சூடு அதன் முன்னால் இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 37 டிகிரி ஆகிவிட்டால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து தடுமாறும். ஏற்காட்டுக் குளிரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அசையாமல் நின்று கேட்பவரை எந்த ஊரிலும் அது மறந்துவிடும், விளக்கம் பாதியில் அறுந்துபோகும். அக்கறையாகக் கேட்பவரையே கைவிடும் கருவியை இந்த வேலைக்கு வைக்க எனக்கு மனமில்லை.

அல்ட்ராசோனிக் சென்சார் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். சும்மா நின்றாலும் கண்டுபிடிக்கும். ஒலி 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர் போகும், 40 டிகிரியில் சுமார் 355. ஒரு மீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் பிசகும்; இங்கே அது பொருட்டே இல்லை. ஏற்காட்டில்தான் சிக்கல்: ஸ்வெட்டரும் சால்வையும் ஒலியை உறிஞ்சிவிடும், ஜன்னல் வழியே வரும் மூடுபனி சென்சாரின் திறந்த வலைக் கண்களில் ஈரமாகப் படியும்.

24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மூச்சு விடும்போது நெஞ்சு அசைவதைக்கூடப் பிடிக்கும். பிளைவுட்டுக்குப் பின்னால் மறைத்து வைக்கலாம். ஈரமும் படாது, பிள்ளைகள் நோண்டவும் முடியாது. எல்.டி.2410 போன்ற ரேடார் சென்சார்களில் 0.75 மீட்டர் படிகளாக எல்லை வைக்கலாம் என்பதால் சீலிங் ஃபேனை ஒதுக்கிவிடலாம். ஆனால் சேலத்தில் பார்வையாளர் பக்கத்திலேயே பெடஸ்டல் ஃபேன் தலையாட்டிக்கொண்டிருக்கும். அதையும் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஏற்காட்டுக்கு ரேடார்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பவரையும் பிடிக்கும் என்பதால் எல்லையை 1.5 மீட்டரில் நிறுத்துங்கள்.

சேலத்துக்கு அல்ட்ராசோனிக். அதன் பார்வை குறுகலானது. பள்ளிப் பிள்ளைகளும் அகப்பட வேண்டுமென்றால் மூன்றடி உயரத்தில் மாட்டுங்கள். ஒரே அளவை நம்பாமல் ஐந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் மதிப்பைக் கொள்ளுங்கள். அப்புறம், எந்த சென்சாரானாலும் ஆள் ஒரு வினாடி நின்ற பிறகே பேச்சு தொடங்கட்டும், விலகி இரண்டு வினாடி கழித்தே நிற்கட்டும். தோளில் இருக்கும் குழந்தையை மாற்றிப் பிடிக்க அம்மா ஓரடி தள்ளி நின்றாலும் விளக்கம் அறுபடாது.