அசாசின் நத்தையோடு இரண்டரை வருடம்

என் இரண்டடி மீன் தொட்டிக்கு நத்தைத் தொல்லை வந்தது ஒரு கட்டு வாலிஸ்னேரியா செடியோடு. கழுவாமல் நட்டது என் தப்புதான். மூன்றே மாதத்தில் கண்ணாடி முழுக்க ராம்ஸ்ஹார்ன் நத்தை, ராத்திரி லைட் போட்டுப் பார்த்தால் மணலுக்குள்ளிருந்து மலேசியன் டிரம்பெட் நத்தை கூட்டம் கூட்டமாக வெளியே. கையால் பொறுக்கினேன், வெள்ளரித் துண்டு போட்டுப் பிடித்தேன், ஒன்றும் வேலைக்காகவில்லை. நத்தையைக் கொல்லும் மருந்து பலவற்றில் செம்பு இருக்கும், அதை ஊற்றினால் செர்ரி இறால்களும் சேர்ந்து போய்விடும். கடைசியில் சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய், மற்ற நத்தைகளைத் தின்கிற அசாசின் நத்தை ஆறு வாங்கி வந்தேன்.

கடைக்காரர் "பாசியும் தின்னும் சார்" என்றார். தின்னாது. இது சுத்த அசைவம், இரண்டரை வருடத்தில் ஒரு பாசியைக்கூட இது தொட்டு நான் பார்த்ததில்லை. பாசிக்காக வாங்குகிறவர்கள் காசை வீணாக்க வேண்டாம்.

பார்க்க அழகு. மஞ்சளும் கரும்பழுப்புமாகப் பட்டை போட்ட கூம்பு ஓடு, நன்றாக வளர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர் வரும். சொந்த ஊர் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா பக்கத்து ஆறு, ஏரிகள். பழைய பெயர் கிளியா ஹெலினா, இப்போது அனென்டோமி ஹெலினா என்கிறார்கள். இதன் உறவுக்கார நத்தைகள் பெரும்பாலும் கடலில்தான் இருக்கின்றன, அங்கே செத்த மீனை மோப்பம் பிடித்துப் போய்த் தின்கிற கூட்டம் அது. அந்த மூக்கு இதற்கும் அப்படியே இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஆறும் மணலுக்குள் புதைந்தே கிடந்தன, செத்துவிட்டனவோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டதும் மணலிலிருந்து ஒரு குட்டித் தும்பிக்கை மட்டும் எழுந்து இப்படியும் அப்படியும் ஆடியது. தண்ணீரை உள்ளே இழுத்து வாசனை பார்க்கிற குழாய் அது. தின்பதற்கு வேறொரு குழாய் இருக்கிறது, சாதாரணமாக வெளியே தெரியாது. ஒரு ராம்ஸ்ஹார்ன் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே அசாசின் பின்னால் போய், அதன் ஓட்டின் மேல் ஏறி, அந்த இரண்டாவது குழாயை ஓட்டின் வாய்ப்பக்கம் நுழைத்தது. நுனியில் அரம் மாதிரிப் பற்கள். நான் குளித்துச் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தது. காலையில் வெறும் ஓடு. பிளாடர் நத்தை மட்டும் கெட்டிக்காரி, தொட்டதும் ஓட்டோடு உடம்பைச் சிலுப்பி நழுவிவிடும், எல்லா முறையும் இல்லைதான்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதம் கழித்துத்தான் எண்ணிக்கை குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, ராம்ஸ்ஹார்ன் ஏறக்குறைய ஒழிய எட்டு மாதம் ஆனது. அதுவும் மீனுக்கு அள்ளிப் போடுவதை நான் நிறுத்திய பிறகுதான். தீனி மிச்சம் கிடந்தால் அதையே தின்றுவிட்டு இது வேட்டைக்குப் போகாது, மற்ற நத்தைகளும் அதைத் தின்று பெருகும்.

எனக்கு நடந்த நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசையாக வளர்த்த மிஸ்டரி நத்தை ஒன்று, கோலிக்குண்டை விடப் பெரியது, அதனால் தொடாது என்று நம்பினேன். ஒருநாள் மூன்று அசாசின் சேர்ந்து அதன் மேல் உட்கார்ந்திருந்தன. எடுத்துக் காப்பாற்றப் பார்த்தேன், தாமதமாகிவிட்டது. இறால்களுக்குப் பெரிய சேதம் இல்லை, தோல் உரித்துச் சோர்ந்து கிடந்த ஒன்றைத் தின்றதை மட்டும் பார்த்தேன்.

பெருகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெருகும், ஆனால் நிதானமாக. ஆண் பெண் தனித்தனி, வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் நாலைந்தாக வாங்குங்கள். முட்டை வைத்தால் கண்ணாடியிலும் கட்டையிலும் சின்னத் தலையணை மாதிரி ஒளி ஊடுருவும் பைகள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு வெளிர் மஞ்சள் புள்ளி. பொரிக்க வாரக்கணக்கில் ஆகும், குட்டிகள் மணலுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் கண்ணில் படாது. மணல் பொடியாக இருக்கட்டும், பெரிய ஜல்லியில் புதைய முடியாமல் தவிக்கும். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பும் கடினமும் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல், இவற்றின் ஓட்டுக்கு மட்டும் அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

மிஞ்சியதை ஏரி, குளத்தில் கொட்டாதீர்கள், நம் ஊர் நத்தைகளின் கதி என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். இப்போது பதினான்கு இருக்கின்றன, தொட்டியில் வேட்டையாட ஒன்றும் மிச்சமில்லை, உறைந்த ரத்தப்புழுவை வாரம் இரண்டு முறை போடுகிறேன். ஆனால் உயிரோடு ஒரு நத்தை கிடைத்தால் தனி சுறுசுறுப்புதான். அதற்காகவே பால்கனியில் ஒரு பெயிண்ட் வாளியில் ராம்ஸ்ஹார்ன் வளர்க்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.