முதல் தடவைக்கு பொய்ரோ, இரண்டாம் தடவைக்கு கொலம்போ

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அக்கா பொய்ரோ கட்சி, நான் கொலம்போ கட்சி. இரண்டும் துப்பறியும் டிவி தொடர்கள். அத்தான் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார், டிவி போட்ட பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். "கொலம்போ போடட்டுமா?" என்று நான் முதல் முறை கேட்டபோது அம்மா, "கொழும்புல நடக்கிற கதையா?" என்றாள். இல்லை, லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிற கதை. பொய்ரோ என்ற பெயரைச் சரியாகச் சொன்னால் 'ப்வாரோ' என்று வரவேண்டும். ஆனால் ஊரார் பொய்யைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கும் ஆளின் பெயரிலேயே பொய் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறைய சமம். பீட்டர் ஃபாக் நடித்த கொலம்போ 69 எபிசோடுகள். 1968-இல் ஒரு டிவி படமாக ஆரம்பித்து, 1971 முதல் 1978 வரை என்பிசி சேனலில் ஓடி, பத்து வருடத்துக்கு மேல் காணாமல் போய், 1989-இல் ஏபிசி சேனலில் திரும்பி வந்து 2003-இல் முடிந்தது. டேவிட் சூஷே நடித்த பொய்ரோ 70 எபிசோடுகள், பிரிட்டனின் ஐடிவியில் 1989 ஜனவரியில் ஆரம்பித்து 2013 நவம்பர் வரை. ஆக, ஒருவர் மறுபிறவி எடுத்த வருடத்தில்தான் மற்றவர் பிறந்தார்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொய்ரோவில் கொலையாளி யார் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும். கொலம்போவில் முதல் இருபது நிமிடத்திலேயே, அவன் துப்பாக்கி எடுப்பதிலிருந்து கைரேகையைத் துடைப்பதுவரை, எல்லாவற்றையும் நமக்குக் காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் கசங்கிய ரெயின்கோட்டும் சுருட்டுமாக அந்த ஆள் உள்ளே வருவார். "யார் செய்ததுன்னு தெரிஞ்சப்புறம் என்னடா பார்க்கிறது?" என்று அக்கா இருபது வருடமாகக் கேட்கிறாள். "யார்னு தெரிஞ்சப்புறம் உன் பொய்ரோவை இன்னொரு தடவை பார்ப்பியா?" என்று நானும் இருபது வருடமாகக் கேட்கிறேன். எனக்கு இதுதான் அளவுகோல். இரண்டாம் தடவை உட்கார வைக்கிறதா?

ஒரு வசதியும் இருக்கிறது. கொலம்போ கதையை நான் தாராளமாகச் சொல்லலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

1973-இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் ப்ளெசன்ஸ் ஒயின் ஆலை முதலாளியாக வருவார், பெயர் ஏட்ரியன் கார்சினி. காசு இவருக்குப் பெரிதில்லை, ஒயின்தான் தெய்வம். ஆலை இருக்கும் நிலத்தை அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி, மலிவு ஒயின் தயாரிக்கும் கம்பெனிக்கு விற்கப் போகிறான். கார்சினி அவன் மண்டையில் ஒன்று போட்டு, மயங்கியவனைக் கட்டி, நிலவறைக்குள் தள்ளி, ஏசியை அணைத்துவிட்டு நியூயார்க்கில் ஒயின் ஏலத்துக்குப் போய்விடுகிறார். காற்று தீர்ந்து தம்பி செத்துப் போகிறான். திரும்பி வந்ததும் பிணத்துக்கு டைவிங் உடை மாட்டிக் கடலில் போட்டாயிற்று. விபத்து, கேஸ் முடிந்தது.

ஆனால் அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்திருக்கிறது. ஏசி இல்லாத நிலவறையில் சூடேறி, உயிரைக் கொடுத்துச் சேர்த்த ஒயின் முழுக்கக் கெட்டுப்போயிருக்கிறது. கார்சினிக்கே அது தெரியாது. கொலம்போ அவரை ஓர் உயர்தர ஹோட்டலில் சாப்பிடக் கூப்பிட்டு, அவருடைய நிலவறையிலிருந்தே எடுத்துவந்த ஒரு போர்ட் ஒயினைச் சொல்லாமல் கொள்ளாமல் பரிமாற வைக்கிறார். ஒரு வாய் வைத்ததும் கார்சினி தாம்தூம் என்று குதிக்கிறார். இதைச் சூட்டில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள், இதையா குடிக்கக் கொடுப்பது என்று சர்வர்களைக் கூப்பிட்டு வறுத்தெடுக்கிறார். உலகத்தில் அந்தக் கெடுதலை நாக்கில் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் வெகு சிலர். கொலையாளி தன் நாக்காலேயே மாட்டிக்கொள்கிறார்.

அதற்கடுத்த காட்சிக்காகத்தான் நான் இதை ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன். கடலோரத்தில் கார்சினி தன் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் எறிந்துகொண்டிருக்கிறார். கொலம்போ வருகிறார். கைவிலங்கு கிடையாது, வசனமழை கிடையாது. பிறகு தன் ஓட்டைப் பெஜோ 403 காரில் அவரை உட்கார வைத்து, ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றுகிறார். சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிற இனிப்பு ஒயின், சரியான தேர்வு. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்கிறார் கார்சினி. இவ்வளவு நல்ல வார்த்தை என்னிடம் யாருமே சொன்னதில்லை என்கிறார் கொலம்போ. ஃபாக் அதைச் சொல்லும்போது முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை. கொலையாளியைப் பிடித்த சந்தோஷம் போலவும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது மாட்டிக்கொள்வானா என்ற படபடப்பில் இந்த முகத்தை நான் கவனிக்கவே இல்லை.

வெறும் கெட்டிக்காரத்தனத்துக்கு என்றால் 1971-இல் வந்த 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்'. ஓவிய விமர்சகன் ஒருவன், பெயர் கிங்ஸ்டன், மாமாவைச் சுட்டுக் கொன்று, ஓவியங்களைத் திருடி, பழியை மாமாவின் முன்னாள் மனைவி மேல் போடப் பார்க்கிறான். அந்த அம்மாள் வீட்டில் ஓவியங்கள் 'கிடைக்கின்றன'. கைரேகை பார்க்கச் சொல்கிறார் கொலம்போ. யாருடைய கைரேகையை? தன்னுடையதை! முன்பு ஒரு நாள் அவன் வீட்டில் பொட்டலத்துக்குள் கை விட்டுத் தொட்டிருக்கிறார். "இப்போதுதானே தொட்டாய்" என்று கிங்ஸ்டன் கத்துகிறான். கொலம்போ கோட் பாக்கெட்டிலிருந்து மெதுவாகக் கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. அவ்வளவுதான், படம் முடிந்தது. பேச்சு மூச்சில்லை. தூங்கிக்கொண்டிருந்த அத்தான்கூட எழுந்து கைதட்டிய ஒரே எபிசோட் இது.

சரி, அக்கா கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். பொய்ரோவின் முதல் எபிசோட், காணாமல் போன சமையல்கார அம்மாளைத் தேடுவது. மிஸஸ் டாட் என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண்மணி வந்து கேட்கும்போது, இவ்வளவு சின்ன கேஸா என்று பொய்ரோ மூக்கைச் சுளிக்கிறார். பணக்காரிக்கு முத்துமாலை எப்படியோ அப்படித்தான் எனக்கு நல்ல சமையல்காரி என்று அந்த அம்மாள் போடுகிற போடில் மனிதர் ஆடிப்போய் ஒப்புக்கொள்கிறார். மறுநாள் அந்த வீட்டிலிருந்து, விசாரணை வேண்டாம் என்று சொல்லி ஒரு கினிக்கு (அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணம்) செக் அனுப்பி அவமானப்படுத்துகிறார்கள். கடைசியில் விஷயம் ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் வந்து முடியும். அந்தச் செக்கைப் பொய்ரோ ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்கிறார், தலைக்கனம் ஏறும்போது பார்த்துக்கொள்ள. நம்ம வீட்டுத் தாத்தாக்களிடம் பார்க்கிற ரோஷமும் நகைச்சுவையும் சூஷேயிடம் அப்படியே இருக்கும்.

சூஷே, அகதா கிறிஸ்டி எழுதிய பொய்ரோ நாவல்களையெல்லாம் படித்து, பொய்ரோவின் குணங்களையும் பழக்கங்களையும் 93 குறிப்புகளாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தாராம். நடையிலேயே அது தெரிகிறது. அந்தக் குட்டிக் குட்டி அடிகள், உட்காருமுன் இருக்கையைத் துடைப்பது, மீசையைத் தொட்டுப் பார்ப்பது. ஃபாக் இதற்கு நேர் எதிர். ரெயின்கோட்டே அவர் சொந்தமாக வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒருவர் துடைத்துவைத்த பித்தளைக் குத்துவிளக்கு என்றால் இன்னொருவர் தோய்க்கப் போட்ட லுங்கி. ஆனால் இரண்டு பேரும் அந்நியர்கள்தான். இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் பெல்ஜியத்து அகதி, லாஸ் ஏஞ்சலஸ் மாளிகைகளில் இத்தாலிய வம்சத்துப் போலீஸ்காரர். இருவரையும் எதிராளி குறைத்து மதிப்பிடுகிறான், அதில்தான் விழுகிறான். கொலம்போவில் கூடுதல் ருசி ஒன்று உண்டு: அங்கே கொலையாளி பெரும்பாலும் பணமும் பேரும் உள்ளவன். நீச்சல்குளம், வேலையாட்கள், கார் வரிசை எல்லாம் இருந்தும் ஒரு சம்பளக்காரர் முன்னால் வியர்ப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

பொய்ரோவை இரண்டாம் தடவை பார்த்தால் எனக்கு இடறுவது அந்தக் கடைசி ஹால் காட்சிதான். எல்லோரையும் சோபாவில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் குற்றம் சாட்டி, கடைசியில் ஒருவரிடம் நிற்பார். விடை தெரிந்தபின் அது பழைய குறுக்கெழுத்துத் தாள்தான். கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

விதிவிலக்கு, 2003-இல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. ஓவியர் ஒருவர் விஷத்தால் சாகிறார், மனைவியைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். வளர்ந்துவிட்ட மகள், அம்மா நிஜமாகவே செய்தாளா என்று கேட்டு பொய்ரோவிடம் வருகிறாள். அன்று வீட்டில் இருந்த ஐந்து பேரிடமும் அவர் பேசுகிறார். ஐந்து பேருக்கும் ஐந்து ஞாபகம். கேமராவைக் கையில் வைத்து ஆட்டி எடுத்த அந்தக் கோடைக்காலத் தோட்டம் ஒவ்வொருவர் சொல்லும்போதும் கொஞ்சம் வேறாக இருக்கும். யார் என்று சொல்லமாட்டேன், அக்கா கொன்றுவிடுவாள். ஆனால் யார் என்று தெரிந்து இதைப் பார்ப்பதுதான் சரியான பார்வை என்றே சொல்வேன். அந்த அம்மா ஏன் கோர்ட்டில் வாயைத் திறக்கவில்லை என்பது தெரிந்தபின் அவள் முகம் வருகிற ஒவ்வொரு ஷாட்டும் வேறாகிவிடுகிறது. நான் கட்சி மாற இருந்த ஒரே ராத்திரி அது.

கொலம்போவிலும் ஓட்டைகள் உண்டு. விளம்பரத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு இழுத்த எபிசோடுகளில் ரப்பர் வாடை அடிக்கும். நாய்க்கு வைத்தியம், காருக்கு ரிப்பேர் என்று ஒப்பேற்றுவார்கள். சாட்சியம் வேறு பல கதைகளில் நொண்டி. 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்' எபிசோடில் காணாமல் போனதாகச் சொல்லப்படும் கான்டாக்ட் லென்ஸை வைத்துத் தூண்டில் போடுகிறார். நம்மூர் வக்கீல் ஒருவர் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் ஜாமீன் வாங்கிவிடுவார்.

அப்புறம் 1976-இல் ஒரு காரியம் செய்தார்கள். 'லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்' எபிசோடில் கொலையாளியைக் காட்டாமல் மறைத்து, முடிவில் எல்லோரையும் ஓர் இடத்தில் கூட்டிவைத்துக் கண்டுபிடிக்க வைத்தார்கள். அதாவது கொலம்போவுக்கு மீசை ஒட்டிப் பொய்ரோ ஆக்கப் பார்த்தார்கள். தாங்கவில்லை. எதிராளி யார் என்று தெரியாதபோது அந்தத் தலைசொறிதலுக்கும், வாசல்வரை போய்த் திரும்பி 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்பதற்கும் அர்த்தமே இல்லாமல் போகிறது. பூனை இருக்கிறது, எலியைக் காணோம்.

அக்காவின் மகள் மூன்றாவது கட்சி, பிராட்சர்ச். 2013-இல் ஐடிவியில் வந்தது. முதல் சீசனின் எட்டு எபிசோடும் ஒரே கொலை, கடற்கரையில் கிடக்கும் ஒரு சிறுவன். நடிகை ஒலிவியா கோல்மனுக்காகவே பார்க்கலாம். ஆனால் வாரம் ஒருவர் மேல் சந்தேகம் என்று ஓட்டுகிறார்கள், இரண்டாம் சுற்றில் அது வெறும் கால இழுப்பாகத் தெரிகிறது. பேப்பர் கடைப் பெரியவர் மேல் ஊரே பாய்கிற பகுதி மட்டும் எத்தனை தடவையானாலும் வயிற்றைப் பிசையும்.

போன சனிக்கிழமை அக்கா வந்திருந்தாள். ரிமோட் என் கையில். 1977-இன் 'ட்ரை அண்ட் கேட்ச் மீ' போட்டேன். ரூத் கார்டன் மர்மக்கதை எழுதும் பாட்டியாக வருகிறார். தன் உடன்பிறப்பின் மகளைக் கொன்றவன் அவள் புருஷன்தான் என்று நம்புகிற பாட்டி, ஆள் நுழையும் அளவு பெரிய இரும்புப் பெட்டகத்துக்குள் அவனை வைத்துப் பூட்டிவிடுகிறார். ஆரம்பத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது, அக்காவும் வழக்கம்போல முணுமுணுத்தாள். முடிவில், ஒரு கிழவிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று பாட்டி கேட்க, கொலம்போ மறுக்கிறார். அப்போது பாட்டி, அந்தப் பெண்ணின் சாவை நீங்கள் விசாரித்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காதே என்கிறார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெட்டகத்தைச் சாத்துற இடத்துக்குத் திரும்பப் போடு, அப்ப அந்தப் பாட்டி மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்" என்றாள்.